கொடிமலையும் உதிரும் இலையும்

இலையுதிர் காலம் என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்முன் மேனாட்டுக் காட்சிகளே தோன்றுகின்றன. ஐப்பசித் திங்களில் மேப்பிள் மரங்கள் செக்கச் சிவந்து நிற்க, அவ்வழகைக் காண மக்கள் திரள் திரளாக மலையேறுவர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷியர் மாகாணத்தில் வாஷிங்டன் மலையின் உச்சிவரை 1861-ஆம் ஆண்டிலேயே வண்டிப் பாதை அமைத்து, ஏறுவோரிடம் சுங்கமும் பெற்றனர். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாமும் அந்நாட்டு இலையுதிர்வைப் புகழும் செய்யுட்களை நெட்டுருச் செய்தோம். நம் தோட்டத்தில் ஆண்டுதோறும் சிவந்து உதிரும் ரப்பர் மரத்தைப் பற்றியோ ஒரு வரியும் படித்தோமில்லை.

மலேயாவில் இலையுதிர்வு இல்லை என்பார் கூற்று பொருந்தாது. பினாங்குக் கடற்கரையில் நிழல் தரும் நாட்டு வாதுமை, உதிருமுன் தன் இலைகளைச் செந்நிறமாக்கிக் காட்டுகிறது. ரப்பர் மரமோ, வறட்சி மிகும் தை, மாசித் திங்களையொட்டி மஞ்சளும் செம்மையுமாக மாறி, முழுதும் மொட்டையாகிவிடுகிறது. குளிர்நாடுகளில் பகற்பொழுது குறுகுதலும் குளிரும் இலையை உதிர்க்கின்றன; ஈண்டு அவ்வேலையை வறட்சி செய்கிறது. வறட்சி நன்கு தெரியும் பினாங்கு, கெடா முதலிய வடபகுதிகளில் தோட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒருங்கே உதிர்வதைக் காணலாம். இலையின் பசுமை சிதைந்து, அதன் சத்து மரத்துக்குள் மீள, மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. செந்நிறமோ அப்பொழுது புதிதாக உண்டாவது.

இனி, மலையேற்றத்தின் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். 1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, தீவின் நடுவிலுள்ள மலைக்குப் பாதை வெட்டப்பட்டது. சிம்லாவும் உதகையும் துரைமார் வாசத்தலங்களாகு முன்னரே, வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய வெள்ளையர் இம்மலையில் பங்களாக்கள் கட்டத் தொடங்கினர். கொடிமரம் நாட்டிய சிகரத்தால் நம்மவர் அதனைக் கொடிமலை என்றனர்.

அவர்கள் எங்ஙனம் ஏறினர்? சிலர் மட்டக்குதிரையில் ஏறினர். பலர் டோலியில் அமர்ந்து, கூலிகளின் தோள்மீது ஏறினர். அக்காலப் பினாங்கில் காடழித்துச் சாலையிட்டவருள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் இருந்தனர். மலையிலிருந்த துரையின் பெயர் பங்களாவுக்கு நின்றது. சுமந்தவன் பெயரை எவரும் எழுதி வைத்திலர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் அமைத்த மலை இரயில் பயன்படாமற் போயிற்று. பின்னர் அரசாங்கமே முன்வந்து அமைத்த கயிற்றிழுவை இரயில் 1923-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஓடத் தொடங்கி, 1924-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. டோலியின் காலம் முடிந்தது. 2010-இல் பழைய வண்டிகள் ஓய்வுபெற்று, 2011 முதல் புதிய வண்டிகள் ஓடுகின்றன. முன்பு நடுவழியில் வண்டி மாறியோர் இன்று ஒரே வண்டியில் சில நிமிடங்களில் உச்சியை அடைகின்றனர். அங்கே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் உள்ளன.

மலைமீதுள்ள காடு என்றும் பசுமையானது. அங்கே மரங்கள் ஒருங்கே உதிர்வதில்லை. உச்சியில் நின்று கிழக்கே பார்ப்போர்க்கு நகரும், கடலும், அதற்கப்பால் செபராங் பிறையும் தோன்றும். அந்நிலத்திலும் வடக்கே கெடாவிலும் ரப்பர் பரந்திருந்த காலத்தில், இந்நாட்டின் இலையுதிர் காலம் அங்கேதான், அக்கரையில்தான் இருந்தது. மலைமேல் இருந்தோர்க்கு அது தொலைவில் தெரிந்த நிறம். அங்கே பால் வெட்டியவர்க்கோ?

1877-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைக் கெடுக்காமல் நாள்தோறும் பட்டை சீவிப் பாலெடுக்கும் முறையைப் பின்னர் ரிட்லி அங்கே வகுத்தார். பிரேசில் நாட்டு மரம் மலேயாவில் ஓங்கியது. அதன் அடியில் தமிழர் உழைப்பும் ஓங்கியது. அம்மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, சேமித்த உணவையெல்லாம் புதுத் தளிருக்குச் செலவிடுவதால் பால் குறைகிறது. தாமிர நிறத் தளிர் முற்றுமுன் மூடுபனி சேர்ந்தால் பூஞ்சை பற்றி, அத்தளிரும் உதிரும். பால் குறைந்தால், எடைக்குக் கூலி பெறுவோன் வீட்டில் அரிசி குறையும். தோட்டத்தில் கணக்கெழுதும் நம் போன்றோர்க்கு இலையுதிர் காலம் மரத்தில் தெரியுமுன் ஏட்டில் தெரியும்: நேற்றைய எண்ணினும் இன்றைய எண் சிறியது. பார்ப்பவனுக்குக் காட்சி, வெட்டுபவனுக்குப் பஞ்சம்.

ஆயின், பஞ்சத்தோடு பிறந்தது என்பதற்காக அழகை நாம் வெறுக்க வேண்டுமா? வேண்டா. இயற்கையைக் கண்டு களித்தல் ஓய்வுடையார்க்கே உரியது என்னும் எண்ணம், டோலியின் காலத்து எண்ணம். சுமந்தவனும் கண்ணுடையவனே; அவனுக்கு இல்லாதிருந்தது நின்று பார்க்கும் நேரம். எட்டு மணி நேர வேலை, வார ஓய்வு, சம்பளத்தோடு விடுமுறை என்று தொழிலாளர் கேட்டதெல்லாம் வயிற்றுக்காக மட்டுமன்று, நின்று பார்ப்பதற்காகவுமே.

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. செம்பனை இலையுதிர் காலம் அறியாதது. மாசிச் செம்மையை அறிந்த தலைமுறை மறைந்தால், அதன் பொருளும் உடன் மறையும். ஆதலின் தோட்டத்தாரும் நகரத்தாரும் விடுமுறை நாளில் தம் மக்களைக் கொடிமலைக்கு அழைத்துச் செல்க. இரயில் ஏறும் பாதையைக் காட்டி, அதற்குமுன் தோள்கள் ஏறின என்று சொல்லுக. அக்கரையைக் காட்டி, ரப்பர் மரம் ஏன் சிவந்தது, சிவந்தபோது பாட்டி ஏன் கவலையுற்றாள் என்று சொல்லுக. மேப்பிளின் பெயரை அறிந்த பிள்ளை, தன் பாட்டி வெட்டிய மரத்தின் நிறத்தையும் அறிந்திருக்க வேண்டும்.