கண்மாய்க் கரையில் விழித்திருந்தவர்கள்

போன புரட்டாசியில் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில், ஊருக்குக் கிழக்கே தனியாக இருக்கும் தெருவில், மாலைப் படிப்பு மையத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டோம். எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது, எந்தப் பூச்சி தலைகாட்டுகிறது, எந்தச் செடி முளைக்கிறது என்று எழுதி வைக்கும் நோட்டு. எழுதியது பிள்ளைகள். சொன்னது அவர்களுடைய பாட்டிகளும் தாத்தாக்களும்.

தட்டான் கூட்டம் தாழ இறங்கினால் மழை பக்கத்தில் இருக்கிறது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் கண்மாய்க் கரையைப் பார்த்து வைக்க வேண்டும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும். அடுத்த சில நாளில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் சாரணையும் தலைதூக்கும். தை பிறக்கும் முன் காப்புக் கட்டக் கண்ணுப்பிள்ளைப் பூவும் ஆவாரம்பூவும் கிடைக்கும். கண்மாய் வற்றிச் சேறாகும்போது கொக்கும் நாரையும் மீனுக்குக் கூடும்.

“இதெல்லாம் எங்க படிச்சீங்க பாட்டி?” என்று எட்டாம் வகுப்பு மாணவி கேட்டாள். “எங்க படிச்சோம்? பசிச்சுச்சு, பாத்தோம்” என்றார் பாட்டி.

அந்தப் பதிலிலிருந்துதான் நாங்கள் வரலாற்றைத் தேட ஆரம்பித்தோம்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. வடகிழக்குப் பருவமழையைக் கண்மாயில் தேக்கித்தான் இந்த வானம் பார்த்த பூமியில் விவசாயம் நடந்தது. கண்மாயின் மடையைத் திறந்து அடைத்து, வயலுக்கு வயல் தண்ணீர் விட்டு, வெள்ள நேரத்தில் இரவெல்லாம் கரையைக் காத்தவர்களை நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி என்றெல்லாம் அழைத்தார்கள். தென்மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் இந்த வேலை தலித் குடும்பங்கள் மீது பரம்பரையாகச் சுமத்தப்பட்டது. கூலி, களத்து மேட்டில் அளந்து போடும் நெல்.

மானுடவியல் ஆய்வாளர் டேவிட் மோஸ் 2003-இல் வெளியிட்ட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்ற நூல் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களைப் பற்றியது. கண்மாய் நிர்வாகத்தைச் சாதி அதிகாரத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அது விரிவாகக் காட்டுகிறது. தண்ணீரைக் கையாளத் தெரிந்தவருக்குத் தண்ணீர் மீது உரிமை இல்லை. மடை திறந்தவரின் தெருவுக்கு ஊர்க் கிணற்றில் இடமில்லை.

இரவில் ஆள்காட்டிக் குருவி கத்தினால் கரையில் யாரோ நடக்கிறார்கள் என்று அந்த நீர்பாய்ச்சிக்குத் தெரியும். கரையில் நண்டு வளை போட்டிருந்தால் எங்கே கசியும் என்று தெரியும். இதை நாம் பறவை பார்த்தல் என்று சொல்வதில்லை. வேலை என்றுகூட முழுதாகச் சொல்வதில்லை. ‘கடமை’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

அதே காலத்தில் யார் பெயர் பதிவானது? சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிப் பெரிய நூல் தொகுதிகளை வெளியிட்டார். சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் மாலத்தீவில் இருந்துகொண்டு தட்டான்களைக் கவனித்து, அவை இந்தியாவிலிருந்து கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-இல் எழுதினார். அருமையான வேலை. நம் பாட்டி பார்த்ததும் தட்டானைத்தான். அவருடைய பார்வை ஒரு வரியாகக்கூட எந்தப் பதிவிலும் ஏறவில்லை.

செடிகளின் கதை இன்னும் கசப்பானது. சிவப்புச் சாயத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி கோச்சினீல் பூச்சி வளர்க்க ஆசைப்பட்டது. அந்தப் பூச்சிக்குத் தீனியாக ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் பிரேசிலில் இருந்து வந்தது மட்டமான வேறு பூச்சி. சாய வியாபாரம் தோற்றது. சப்பாத்திக் கள்ளிகளோ நாட்டின் வறண்ட நிலங்களில் பரவி மேய்ச்சலையும் பாதையையும் அடைத்தன. கடைசியில் 1926-இல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே சில ஆண்டுகளில் கள்ளி அடங்கியது.

அடுத்து சீமைக் கருவேலம். 1876-இல் வனத்துறை அதிகாரி பெட்டோம் அதன் விதை கேட்டு அரசுக்கு எழுதினார். மறு ஆண்டு கடப்பைப் பகுதியில் நட்டார்கள். தாது வருடப் பஞ்சத்தில் மாகாணமே செத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. விடுதலைக்குப் பின் விறகுக்காக அரசே அதைப் பரப்பியது. இன்று குண்டாற்றுப் படுகையிலும் கண்மாய் உள்வாயிலும் தரிசிலும் அதுதான் நிற்கிறது. இலந்தையும் உடையும் சங்கஞ்செடியும் ஒதுங்கிப் போயின. கீரை முளைத்த இடம் முள்ளாயிற்று.

அந்த முள்ளை வெட்டித் தூர் தோண்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்கள் பெரும்பாலும் நிலமற்ற மக்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் நம் தெருக்களில் அடுப்பெரிந்தது இந்தக் கூலியில்தான். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மரங்களை அகற்றச் சொன்னது. அறிவியல் ஆய்வு வேண்டும் என்று அதே ஆண்டு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது. மரம் போக வேண்டும் என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. காலியாகும் பொதுநிலம் யாருக்கு, கரி மூட்டத்தை நம்பியவர்களுக்கு மாற்று என்ன என்று கேட்கிறோம்.

எங்களோடு வந்த ஓர் இளைஞர் வேறொரு கேள்வி கேட்டார். “பசியையும் அடிமை வேலையையும் மரபு அறிவு என்று கொண்டாடச் சொல்றீங்களா?” நியாயமான கேள்வி. கொண்டாடச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளையும் பசித்துக் கீரையைக் கண்டுபிடிக்கக் கூடாது, சாதி சொல்லிக் கரைக்காவலுக்கு அனுப்பப்படக் கூடாது. ஆனால் அந்த வேலையில் விளைந்த அறிவு நம்முடையது. இழிவைத் தூக்கி எறியும்போது அறிவையும் சேர்த்து எறிந்தால், நாளை அதே அறிவுக்கு வேறொருவர் உரிமை கொண்டாடுவார்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். உள்ளூர் மக்களைக் கேட்டு ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ எழுத வேண்டும். அதை 2020 ஜனவரிக்குள் முடிக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடுவும் வைத்தது.

தோழர்களே, அடுத்த கிராம சபையில் உங்கள் ஊராட்சியின் பதிவேட்டைக் கேளுங்கள். குழுவில் நம் தெருப் பெண்கள் யார், தகவல் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு நோட்டுப் போடுங்கள். செடியின் பெயரோடு சொன்னவரின் பெயரையும், அவர் சம்மதத்தோடு, எழுதுங்கள். எந்த வேலையில் அதைக் கற்றார் என்பதையும் எழுதுங்கள்.

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மாணவி தன் பாட்டியின் பெயரை எழுதியிருக்கிறாள். பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, “கவுதாரிய விட்டுட்டியே, அதையும் போடு” என்றார்.