இந்தியாவில் காட்டுத்தீ

இந்தியாவில் காட்டுத்தீ என்பது ஆண்டுதோறும் கோடைக்கு முன்னும் கோடையிலும் இந்தியக் காடுகளில் ஏற்படும் தீப்பரவலைக் குறிக்கும். நவம்பர் முதல் சூன் வரை தீக்காலம் எனக் கொள்ளப்படுகின்றது. நாட்டின் காட்டுப்பரப்பில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி அடிக்கடி தீப்பற்றும் இயல்புடையது என இந்திய வன அளவைத் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது.

பரவல்

தீ எல்லாக் காடுகளிலும் ஒரே அளவில் ஏற்படுவதில்லை. ஈரம் மிகுந்த பசுமைமாறாக் காடுகளும் சோலைகளும் எளிதில் எரிவதில்லை. இலையுதிர் காடுகளே பெரிதும் எரிகின்றன.

* நடு இந்தியா: மத்தியப் பிரதேசம், சத்தீசுகர், ஒடிசா ஆகிய மாநிலங்களில் தேக்கும் பிற மரங்களும் உதிர்க்கும் சருகுகள் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் தீப்பற்றுகின்றன.
* வடகிழக்கு: மிசோரம், மணிப்பூர், நாகாலாந்து போன்ற மாநிலங்களில் பருவமழைக்கு முன் தீ மிகுதியாகக் காணப்படுகின்றது.
* இமயமலை: உத்தராகண்டம், இமாச்சலப் பிரதேசம் ஆகியவற்றில் சிர் பைன் காடுகள் ஏப்ரல் முதல் சூன் வரை எரிகின்றன. பிசின் கொண்ட இம்மரத்தின் உதிர்ந்த ஊசியிலைகள் மிக விரைவில் தீப்பற்றக் கூடியவை.
* மேற்குத் தொடர்ச்சி மலை: இதன் இலையுதிர் காடுகளிலும் மலைப் புல்வெளிகளிலும் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீ ஏற்படுகின்றது.

காரணங்கள்

மின்னலால் தீப்பற்றுவது உண்டு எனினும், இந்தியக் காட்டுத்தீயின் பெரும்பகுதி மனிதரால் ஏற்படுவதாகும். இலுப்பைப் பூக்களைப் பொறுக்குவோர் அவை தெளிவாகத் தெரிவதற்காக மரத்தடிச் சருகுகளை எரிப்பர். பீடி இலை தரும் செடிகள் புதிதாகத் துளிர்க்கவும், கால்நடைகளுக்கு இளம்புல் முளைக்கவும் தீ வைக்கும் வழக்கம் உள்ளது. வடகிழக்கில் சூம் எனப்படும் பெயர்ச்சி வேளாண்மைக்காக வைக்கப்படும் தீ அருகிலுள்ள காடுகளுக்குத் தாவுவதுண்டு. அணைக்காது எறியப்படும் பீடித்துண்டும் சமையல் நெருப்பும் பிற காரணங்களாகும். தொடர்ந்த வறட்சி, வெப்பம், காற்று ஆகியன தீயைத் தோற்றுவிக்காவிடினும் அதன் பரவலை விரைவுபடுத்துகின்றன.

விளைவுகள்

பெரும்பாலானவை தரையளவில் பரவும் தீயாகும். முதிர்ந்த மரங்கள் இதில் பிழைத்துக்கொள்ளினும் நாற்றுகள், தரையில் கூடு கட்டும் பறவைகள், ஊர்வன முதலியன அழிகின்றன. மண் மூடாக்கை இழப்பதால் அடுத்த மழையில் மண்ணரிப்பு மிகுகின்றது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

* 1921: குமாவுன் பகுதியில் பிரித்தானிய அரசின் வனக் கட்டுப்பாடுகளை எதிர்த்து மக்கள் காடுகளுக்குத் தீ வைத்தனர்.
* 2016: உத்தராகண்டத்தில் பரவிய தீயை அணைக்க வான்படை உலங்கு வானூர்திகள் பயன்படுத்தப்பட்டன.
* 2018: மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றோர் தீயில் சிக்கினர், 23 பேர் உயிரிழந்தனர். இதன் பின்னர் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கான விதிகளை வகுத்தது.
* 2019: கருநாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் பெப்ரவரி மாதம் பெருந்தீ ஏற்பட்டது.
* 2021: ஒடிசாவின் சிமிலிபால் காடுகள் எரிந்தன.

கட்டுப்படுத்தல்

1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி ஒதுக்கப்பட்ட காட்டில் தீ வைப்பது குற்றமாகும். தீக்காலத்துக்கு முன் சருகுகளையும் புதரையும் நீக்கித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கப்படுகின்றன. தீக்காவலர்கள் பச்சைக் கிளைகளால் அடித்தும், எதிர்த்தீ வைத்தும் தீயை அணைப்பர். இந்திய வன அளவைத் துறை 2004 முதல் செயற்கைக்கோள் மூலம் தீயிடங்களைக் கண்டறிந்து மாநில வனத்துறைகளுக்கு அறிவித்து வருகின்றது.

தீத்தடை குறித்த கருத்து வேறுபாடு

தீயை முற்றிலும் தடுப்பது நன்மையா என்பது விவாதத்துக்குரியது. கருநாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர், ஆண்டின் தொடக்கத்தில் சருகுகளைச் சிறு தீயால் எரித்து வந்தனர். 1970களில் அப்பகுதி சரணாலயமாக்கப்பட்ட பின் இவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னரே உண்ணிச்செடி காடெங்கும் பரவியது என்பது அவர்களது கருத்து. இப்புதர் காய்ந்தபின் எரிபொருளாகி, தரைத்தீயை மரங்களின் உச்சிவரை ஏற்றக்கூடியது. மறுபுறம், அடிக்கடி எரியும் காட்டில் நாற்றுகள் மரமாவதில்லை என்பது தடையை ஆதரிப்போரின் வாதமாகும். எனவே எரிப்பதா தடுப்பதா என்பதைவிட, எக்காட்டில், எம்மாதத்தில், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிகின்றது என்பதே முதன்மையான வினாவாகும்.