கொசு விட்டுச் செல்வது

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கமெல்லாம் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும். கொசு! 'ரத்தத்தை உறிஞ்சிட்டுப் போயிடுச்சே' என்று சொறிந்துகொண்டே அலுத்துக்கொள்கிறோம். போன ரத்தம் ஒரு சொட்டுகூட இருக்காது. ஆபத்து, கொசு எடுத்துப் போவதில் இல்லை; விட்டுப் போவதில்! மலேரியா விஷயத்தில் இது புரிய 1898 வரை ஆனது.

மலேரியாவுக்கும் கொசுவுக்கும் ஏதோ தொடர்பு உண்டென்று லண்டனில் பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் சந்தேகப்பட்டார். ஆனால், கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அதைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வருகிறது என்பது அவர் போட்ட கணக்கு. மதராஸ் காலாட்படை டாக்டர் ரொனால்டு ராஸ், 1895-ல் செகந்திராபாத்தில் ஆட்களுக்குக் காசு கொடுத்து, கொசு ஊறிய தண்ணீரைக் குடிக்கவே வைத்துவிட்டார்! தெளிவான விடை கிடைக்கவில்லை.

1897 ஆகஸ்ட் 16. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியைப் பத்து கொசுக்கள் கடித்தன. கடிக்கு ஓர் அணா; மொத்தம் பத்தணா கூலி! 20-ம் தேதி அதில் ஒரு கொசுவை அறுத்துப் பார்த்தார் ராஸ். வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்ந்துகொண்டிருந்தது. சரி, உள்ளே போனது எப்படி வெளியே வருகிறது?

அடுத்த ஜூலையில், கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்தபோது பதில் கிடைத்தது. கிருமிகள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குவிந்திருந்தன! அந்தக் கொசுக்கள் கடித்த நல்ல குருவிகளுக்கும் நோய் வந்தது.

கொசுவின் மூக்கு ஒரே ஊசி அல்ல. உள்ளே ஆறு நுண் ஊசிகள். சில தோலை அறுக்கும். ஒன்றின் வழியே ரத்தம் மேலே ஏறும். இன்னொன்றின் வழியே எச்சில் கீழே இறங்கும். ரத்தம் உறையாமல் இருக்கத்தான் இந்த எச்சில். நமக்கு அரிப்பு வருவதும் அதனால்தான். கிருமி அதில்தான் சவாரி செய்கிறது. தெருநாயின் காதில் நாள்கணக்கில் தொங்கும் உண்ணியும் இப்படித்தான், எச்சிலை விட்டுவிட்டுத்தான் குடிக்கும்.

1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு. ஹுசேன் கானுக்கு அந்தப் பத்தணாதான்!

ஒரு விஷயம். சென்னையில் மலேரியா பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீபென்சி, கூவத்துச் சாக்கடையைத் தேடிப் போகிற ஜாதி இல்லை. கிணறு, மூடாத மொட்டைமாடித் தொட்டி என்று நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கூவத்தைத் திட்டுவது அப்புறம் இருக்கட்டும். உங்கள் வீட்டுத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா?