பலகையில் பிறந்த போர்டு

பேருந்து நிலையங்களை ஒட்டிய பழைய விடுதிகளில் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று எழுதியிருப்பார்கள். லாட்ஜிங் தங்குவது. போர்டிங்கையும் அதோடு சேர்த்துத் தங்குவது என்றே பலர் நினைக்கிறார்கள். அது சாப்பாடு.

பழைய ஆங்கிலத்தில் போர்டு என்றால் மரப்பலகை. இடைக்கால இங்கிலாந்தின் கூடங்களில் தாங்கிகள்மேல் நீளப் பலகையைப் போட்டு உண்பார்கள். முடிந்ததும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். பலகையின் பெயர் முதலில் மேசைக்கு ஆனது, பிறகு அதில் பரிமாறிய உணவுக்கும். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வைத்துக்கொள்ளும் பள்ளி போர்டிங் ஸ்கூல்.

விமான நிலையத்து போர்டிங் பாஸுக்கும் சோற்றுக்கும் சம்பந்தமில்லை. கப்பலின் பக்கவாட்டுக்கும் போர்டு என்றே பெயர். கப்பலில் ஏறுவது போர்டிங் ஆனது அதனால்தான். கப்பலின் வலப்பக்கம் ஸ்டார்போர்டு. இதில் நட்சத்திரம் எதுவும் இல்லை. திருப்புகிற துடுப்பைப் பழங்காலக் கப்பல்களில் வலப்பக்கம் கட்டியிருந்தார்கள்; 'ஸ்டியர்' செய்யும் பக்கம் என்பது மருவி ஸ்டார் ஆயிற்று. இடப்பக்கம் லார்போர்டு. காற்றிரைச்சலில் கத்திச் சொன்னால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆகவே 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை விட்டுவிட்டு 'போர்ட்' என்று வைத்துக்கொண்டது. தமிழில் எழுதினால் அதுவும் போர்டு போலவே இருக்கிறது, என்ன செய்ய!

மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்களுக்கும் மேசையின் பெயரே ஒட்டிக்கொண்டது. சென்னையில் 1786இல் வந்த ரெவின்யூ போர்டு அந்த வகை. 1957இல் அமைந்த மாநில மின்சார போர்டைத் தமிழில் மின்வாரியம் என்கிறோம். வாரியம் அலுவலகத்தில் கோத்தெடுத்த சொல் அல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனக் குடவோலை எடுத்து ஆள் தேர்ந்திருக்கிறார்கள்.

அவையையும் பலகையையும் சேர்த்துப் பார்ப்பது நமக்கும் புதிதல்ல. மதுரைச் சங்கப்பலகைக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் தந்த இருக்கை. ஆங்கிலேயரின் பலகை முன்னால் கிடந்த மேசை. அதனால் போர்டு என்ற குழுவுக்குப் பலகையைத் தேடிப் போகாமல் வாரியத்தை எடுத்துக்கொண்டது சரியான தேர்வு. பேச்சில் இன்னும் 'இபி ஆபீஸ்'தான் என்பது வேறு விஷயம்.