யாருடைய கரி?

மார்ச் மாதத்தில் புருசெத்தில், ஈ6 பெருந்தெருவோரம் ஒதுக்கிக் குவித்த பனி கறுத்துக் கிடக்கும். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுத்த பனி அதை உள்வாங்கி விரைவில் உருகும். வடதுருவப் பனியில் படியும் புகைக்கரி செய்வதும் இதையே.

"உங்கள் நாடுகளின் விறகடுப்புதான் எங்கள் வடக்கைச் சூடாக்குகிறது" என்றார் வேலையிடத்து நோர்வேஜிய நண்பர். யாழ்ப்பாணத்தில் பாளையும் மட்டையும் ஊதி எரித்த அம்மாவின் அடுப்படி நினைவுக்கு வந்தது. குற்றவாளிக் கூண்டில் அவளா?

வரலாறு வேறு சொல்கிறது. கிறீன்லாந்துப் பனியைத் துளைத்தெடுத்து ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 1850 வரை அங்கு விழுந்த கரி பெரும்பாலும் காட்டுத்தீயினுடையது. பின்னர் தொழிற்சாலைக் கரி பெருகியது. உச்சம் 1906-1910, முக்கிய மூலம் வட அமெரிக்கா. அதே 1906இல்தான் அமெரிக்கரான லோங்இயர் ஸ்வால்பார்டில் நிலக்கரிச் சுரங்கம் தொடங்கினார். பின்னர் அது நோர்வேயின் கைக்கு வந்தது. லோங்இயர்பியென் நகரின் நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது 2023இல்தான்.

1950களில் வடதுருவத்தின்மேல் பறந்த அமெரிக்க விமானிகள் கண்ட மங்கலான புகைமூட்டத்தை 1956இல் மறே மிற்செல் பதிவு செய்தார். அது ஐரோப்பிய, சோவியத் தொழிற்சாலைகளிலிருந்து வந்ததென்பது 1970களில் தெளிவாயிற்று.

நமது புகை விவாதத்துக்கு வந்தது பின்னர்தான். மதுரையில் பிறந்த வீ. இராமநாதன் முன்னின்று நடத்திய 1999ஆம் ஆண்டின் இந்து சமுத்திர ஆய்வு, தெற்காசியாவின்மேல் பழுப்பு முகிலைக் கண்டது. 2002இல் ஐ.நா. அறிக்கை அதற்கு 'ஆசியப் பழுப்பு முகில்' என்று பெயர் சூட்ட, இந்தியா ஆட்சேபித்தது. பின்னர் 'ஆசிய' என்ற சொல் நீங்கியது.

நமது புகை வடக்கை எட்டுவதேயில்லை என்பதல்ல. எட்டுவது பெரும்பாலும் வானின் உயரத்தில். நிலமட்டக் கரியில் பெரும்பங்கு வடபகுதி நாடுகளினுடையது. ஒஸ்லோவுக்கு அருகே ஷெல்லரிலுள்ள வளிமண்டல ஆய்வு நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுக் கணிப்பு, அதில் 42 வீதத்தை எரிவாயுச் சுவாலைகளுக்குக் கொடுத்தது, பெரும்பாலும் ரஷ்யாவினுடையவை.

ஆனால் இதைச் சொல்லி நாம் தப்பிவிட முடியாது. அடுப்புப் புகை துருவத்துக்குப் போகுமுன் அம்மாவின் நெஞ்சுக்குள் போனது. அவளது இருமலுக்கு எந்த அறிக்கையும் பெயர் சூட்டவில்லை. கரியமில வாயுவைப்போல் கரி நூற்றாண்டுக் கணக்கில் வானில் நிற்பதில்லை. சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் விழுந்துவிடும். ஆகவே நிறுத்தினால் பலன் உடனே தெரியும். அவளுக்கு நல்ல அடுப்பு வேண்டும். அது அவளுடைய உரிமை என்பதற்காக. வடக்கின் பழைய கணக்கை அவள் தலையில் கட்டுவதற்காக அல்ல.