தாயின் பாஸ்போர்ட்டில் ஒரு வரி



கொடுங்கையூரில், வளைகுடாவிலுள்ள தந்தையிடம் பிள்ளைகளை அனுப்ப விண்ணப்பம் நிரப்பும் வீடுகளில் பணத்தைவிடப் பெரிய கவலையாக நிற்பது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பள்ளிப் பதிவேட்டில் மூன்றாவது விதம். இந்தச் சிக்கல் நேற்று முளைத்ததன்று.

நம் பகுதிக்கு அருகிலுள்ள சென்னைத் துறைமுகத்திலிருந்து 1926 முதல் 1973 வரை ரஜூலா என்னும் கப்பல் நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்தது. பின்னர் அத்தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம், 1985இல் நேர்ந்த தீ விபத்துடன் நின்றது. மலாயாவில் கடை வைத்திருந்த தந்தையிடம் சென்ற பிள்ளைகளுள் பலருக்குத் தனிப் பாஸ்போர்ட் இல்லை. தாயின் பாஸ்போர்ட்டில் பிள்ளைகளின் பெயரையும் பிறந்த நாளையும் எழுத இடமிருந்தது. அந்த ஒரு வரியே அவர்களுடைய ஆவணம். 1953இல் மலாயாவின் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, வேலை தேடி வருவோருக்கு வாசலைக் குறுக்கிற்று. அங்கேயே வாழ்வோரின் மனைவி மக்களுக்கு வழி திறந்திருந்தது. அன்று முதல் 'இவன் இன்னாரின் பிள்ளை' என்று காகிதத்தில் காட்டுவது தேவையாயிற்று. இங்கோ, பிறப்புப் பதிவை நாடு முழுமைக்கும் ஒரே சீராகக் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல்தான் வந்தது.

இன்னாரின் பிள்ளை என்பதை நம் மரபு காகிதமின்றியே போற்றி வந்திருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத் (ரலி) அவர்களை மக்கள் முஹம்மதின் மகன் என்றே அழைத்து வந்தனர். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் அருளப்பெற்ற பின் அவர் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே நிறுத்தும் தமிழ் வழக்கம் இதனோடு இயல்பாகப் பொருந்திற்று. மணமான பெண்ணும் தந்தையின் எழுத்தையே தாங்கி வாழ்வது நம் வீடுகளில் புதுமையன்று.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென இருக்கும் கட்டம் இந்த வழக்கத்தை அறியாது. ஆகவே பலர் அதனை வெறுமையாக விட்டனர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா, வருகை விசாக்களில் வருவோரை ஏற்பதில்லை என அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பிறகே வந்தது. இடைப்பட்ட நாள்களில் பயணச்சீட்டு வாங்கியிருந்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரமாண்டு மரபை ஒரு சுற்றறிக்கை இவ்வளவு எளிதாகத் திகைக்க வைக்க முடிந்தது!

முஹம்மது என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பதை எண்ணினாலே போதும், பாதிக் குழப்பம் விளங்கும். இன்னொன்று பெயரின்றிக் கிடக்கும் பதிவு. பிரசவித்த மருத்துவமனை பிறப்பை மட்டும் பதிந்துவிடும். பெயர் சூட்டிய பின் மாநகராட்சிக்குச் சென்று அதனைச் சேர்ப்பதைப் பெற்றோர் மறந்துவிடுவர். ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டு வரை கட்டணத்துடனும் சேர்க்கலாம் என்பது விதி.

சான்றிதழ் சரியாக இருந்தாலும் பயணம் முடிவதில்லை. அப்போஸ்டில் என்னும் ஒற்றை முத்திரையை ஏற்கும் உடன்படிக்கை இந்தியாவில் 2005இல் நடைமுறைக்கு வந்தது; சவூதி அரேபியாவில் 2022 டிசம்பரில். அமீரகம் அதில் இல்லை. அங்கே செல்லும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். ஆறுதலான செய்தி ஒன்றுண்டு: முன்பு பதினெட்டு வயதோடு தந்தையின் பொறுப்பிலிருந்து விலக வேண்டியிருந்த மகன், மணமாகாதவனாயின் இருபத்தைந்து வரை உடன் வாழலாம் என 2022இல் அமீரகம் விதியைத் தளர்த்தியது.

நம் நாட்டு விதியோ இறுகியிருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோருக்குப் பாஸ்போர்ட் பெற, பிறந்த தேதிக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும் என 2025இல் விதி திருத்தப்பட்டது. மூத்த பிள்ளைக்குக் கைகொடுத்த பள்ளிச் சான்றிதழ் இன்று தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கு உதவாது.