காவிரிப் படுகையில் மணநீரும் பன்னீரும்

குளிர்ச்சிக்காக முகத்திலும் உடலிலும் தெளித்துக்கொள்ளும் மணமூட்டிய நீர் காவிரிப் படுகையில் இரண்டு வகையாக வழங்கி வந்துள்ளது. வேரையும் பூவையும் நீரில் ஊறவைத்து எடுப்பது ஒன்று. கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரச் செய்து சொட்டுச் சொட்டாக வடிப்பது மற்றொன்று. முன்னது ஊறல்நீர்; அன்றன்றைக்கு ஆவது. பின்னதைச் சித்த மருத்துவம் தீநீர் என்று சொல்லும், மாதக்கணக்கில் இருக்கும். பன்னீர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இன்று 'வீட்டிலேயே செய்யும் ஃபேஸ் மிஸ்ட்' என்று பரவும் செய்முறைகள் பலவற்றில் இந்த வேறுபாடு கைவிடப்பட்டிருக்கிறது. ஊறல்நீரைப் புட்டியில் அடைத்து, பன்னீரைப் போல வாரக்கணக்கில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். தஞ்சை வட்டாரத்தின் பழைய வழக்கம் அப்படி இல்லை.

புகாரில் ஊறின நீர்

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில் நிகழும் சிலப்பதிகாரக் கடலாடு காதையில், மாதவி ஒப்பனை செய்துகொள்ளும் பகுதி விரிவானது. பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் கூந்தலை நீராட்டியதாக இளங்கோவடிகள் கூறுகிறார். அவை எவை என்பதை உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் பட்டியலிட்டுத் தருகிறார். பூவந்தி, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகியவை துவர். கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம் ஆகியவை விரை. ஓமாலிகையில் இலவங்கம், ஏலம், கச்சோலம், நன்னாரி, இலாமிச்சை முதலியன வருகின்றன. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பட்டியலை நீட்டினால் இன்றும் பல பொருள்கள் கிடைக்கும்.

பட்டியலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. துவர் பெரும்பாலும் உள்ளூர் மரங்களின் பட்டையும் காயும். விரையிலோ கோட்டம் இமயமலைப் பக்கத்து வேர்; அகில் கீழைக் காடுகளின் மரம். துறைமுக நகரத்தின் குளியல் நீரில் உள்ளூர்ப் பட்டையும் கடல் வழி வந்த மணமும் சேர்ந்தே ஊறின. இன்னொன்று, அதில் ரோஜா இல்லை. செய்முறையும் ஊறவைப்பதே, வடிப்பதன்று.

ஏறத்தாழ இதே முறையைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் காணலாம். முதலாம் இராசராசன் கட்டி முடித்த இக்கோயிலில் இறைவனின் திருமஞ்சன நீருக்கு மணமூட்ட ஏலஅரிசி, செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கான காசு ஊர்ச்சபைகளிடம் முதலாக வைக்கப்பட்டு, வட்டியிலிருந்து செலவு நடந்தது. நீரில் போடும் ஏலக்காய்க்குக்கூட நிலையான முதலீடு வைத்த நிருவாகம் அது.

பனிநீர் வந்த வழி

ரோஜாவை வடித்தெடுக்கும் கலை மேற்காசியாவில் வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி வாசனைப் பொருள்களை வடிக்கும் முறைகளை நூலாக எழுதினார். பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியில் இருந்த ஜூர் நகரத்து ரோஜாநீர் தொலைநாடுகளுக்கு ஏற்றுமதியானதை 10ஆம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர்கள் குறித்துள்ளனர். பாரசீக மொழியில் 'குல்' என்றால் பூ, 'ஆப்' என்றால் நீர். 'குலாப்' என்ற சொல் முதலில் பூவையன்று, அந்நீரையே குறித்தது.

சோழர் காலத்தில் இது தமிழகத் துறைமுகங்களுக்கு வந்துவிட்டது என்பதற்குச் சீனத்தில் சான்று உண்டு. 1077ஆம் ஆண்டு, முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு ஒன்று சோங் அரசவைக்குச் சென்றது. அக்குழு கொண்டுபோன பொருள்களாகச் சீன ஆவணங்கள் கூறுபவற்றில் கண்ணாடிக் கலங்கள், கற்பூரம், தந்தம், இலவங்கம் ஆகியவற்றோடு ரோஜாநீரும் இடம்பெறுகிறது. அது சோழ நாட்டில் வடித்த சரக்காக இருந்திருக்க வேண்டியதில்லை. மேற்கிலிருந்து வாங்கிக் கிழக்கே கைமாற்றுவது சோழ வணிகத்தின் முக்கியமான தொழில்.

வந்த பொருளுக்குத் தமிழர் இட்ட பெயர் அழகானது. பூவின் பெயரை வைக்கவில்லை. அது தரும் குளிர்ச்சியை வைத்துப் பனிநீர் என்றார்கள். அதுவே பன்னீர் ஆயிற்று. குறவஞ்சி, உலா முதலிய சிற்றிலக்கியங்களில் காதல் நோயால் உடல் கொதிக்கும் தலைவிக்குத் தோழியர் சந்தனம் பூசிப் பனிநீர் தெளிப்பது நிலையான மரபு. தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பெற்ற சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றியது, அம்மரபில் வந்த நூல். தலைவியின் வெப்பம் தணியவில்லை என்பதுதான் கவிஞர்களுக்கு வேண்டிய செய்தி என்றாலும், வெப்பத்துக்கு முதலில் எடுப்பது பனிநீர்தான் என்பது அவர்களின் கேட்போருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

பன்னீர்ப்பூ என்று கோயில்களில் காணும் வெண்ணிறப் பூ வேறு. திருச்செந்தூரில் திருநீறு மடித்துத் தரும் பன்னீர் இலையும் அந்த மரத்தினுடையதே. பன்னீர் வடிப்பது பன்னீர் ரோஜா என்னும் இளஞ்சிவப்பு நாட்டு ரோஜாவிலிருந்து.

சித்த மருத்துவத்தின் கணக்கு

வடிக்கும் கருவிக்குத் தமிழில் வாலை என்று பெயர். வாலையில் இட்டு இறக்கிய மருந்து தீநீர். வீடுதோறும் குழந்தைகளுக்குக் கொடுத்த ஓமத் தீநீர் இவ்வகைதான். சித்த மருத்துவம் அக மருந்துகளை 32 வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சொல்கிறது. சாறு, குடிநீர், கற்கம் முதலியவற்றின் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். எண்ணெய்க்கும் தீநீருக்கும் ஓராண்டு. அதே பூ, அதே தண்ணீர். ஊறவைத்தால் ஒரு சாமம், வடித்தால் ஓராண்டு. இவ்வளவு துல்லியமாக வகுத்த கணக்கு வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

காரணமும் எளியதே. ஊறல்நீரில் தாவரத்தின் சர்க்கரை, மாவு, துகள் எல்லாம் இறங்கிவிடுகின்றன. கிருமிகளுக்கு அது சோறு. வடிநீரில் ஆவியோடு எழும் நீரும் மண எண்ணெயின் சிறு பகுதியும் மட்டுமே உண்டு.

பன்னீர்ச் செம்பு

1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில் பன்னீர் அரசவைப் பொருளாயிற்று. அத்தரும் பன்னீரும் தாம்பூலமும் அளித்து விருந்தினருக்கு விடைகொடுப்பது அக்கால இந்திய அரசவைகளின் பொது வழக்கம். அத்தர் வந்தால் பேட்டி முடிந்தது என்று பொருள். வெள்ளைக்கார அதிகாரிகளும் இதை அறிந்திருந்தனர்.

அரண்மனையிலிருந்து மிராசுதார் வீடுகளுக்கும், அங்கிருந்து பொதுவாகக் கலியாண வாசலுக்கும் பன்னீர்ச் செம்பு இறங்கி வந்தது. குமிழ் வயிறு, ஒல்லியான நீண்ட கழுத்து, உச்சியில் தாமரை மொட்டுப் போன்ற துளையிட்ட மூடி. வெள்ளியிலும் பித்தளையிலும் செய்தார்கள். மூடியைத் திருகிப் பாதிக்கு மேல் நிரப்பாமல் ஊற்ற வேண்டும். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால்தான் துளி சிதறும். முழுக்க நிரப்பினால் சட்டைதான் நனையும். வரவேற்பு மேசையில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, பூ இவற்றோடு செம்பும் இருக்கும். பெரும்பாலும் சிறுமியர் கையில் அது தரப்பட்டது. நாகூர்க் கந்தூரியின் சந்தனக்கூடு நாளிலும், டெல்டா முஸ்லிம்களின் மணவீடுகளிலும் பன்னீர் மணக்காமல் இருந்ததில்லை.

ஆனால் செம்பு எல்லார் முகத்துக்கும் நீளவில்லை. கணவனை இழந்த பெண்கள் வரவேற்பு மேசையருகே நிற்கவே மாட்டார்கள். சந்தனமும் குங்குமமும் பூவும் போலவே பன்னீரும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. பண்ணை வேலை செய்த தாழ்த்தப்பட்ட மக்கள் கொல்லைப்புறத்தில் சோறு வாங்கிச் சென்றார்கள். முன்வாசல் மேசை அவர்களுக்கானதாக இருக்கவில்லை. வெயிலில் குனிந்து நாற்று நட்ட முகங்களுக்கே குளிர்ச்சி அதிகம் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் பன்னீரின் பெருமையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. பன்னீர் மரியாதையின் அளவுகோலாக இருந்தது. யாருக்கு மரியாதை என்பதை ஊர் முன்பே முடிவு செய்திருந்தது.

அடுக்களை நீர்

மேசைக்கு வராதவர்களுக்கும் வந்தவர்களுக்கும் பொதுவாக இருந்தது அடுக்களையின் நீர். நெல் விளையும் நாட்டில் அரிசி களைந்த நீருக்குப் பஞ்சமில்லை. முதல் கழுநீர் தவிடும் தூசியுமாக மாட்டுக்குப் போகும். கொல்லையில் அதற்கென்றே கழுநீர்ப் பானை உண்டு. இரண்டாம் கழுநீர் வெண்மையாக இருக்கும். அதில் பெண்கள் முகம் கழுவினார்கள். மண்பானைக் குடிநீரில் வெட்டிவேர் முடிச்சுப் போட்டு, கத்திரி வெயிலில் அந்நீரையே முகத்திலும் பிடரியிலும் ஒற்றிக்கொள்வதும் உண்டு. இவை அனைத்தும் ஊறல் வகை. மாலைக்குள் தீர்ந்துவிடும், மறுநாள் புதிதாக எடுக்கப்படும். சேமிக்கும் பேச்சே எழவில்லை.

தெளிப்பான் வந்த பிறகு

நீரைப் பீச்சும் கருவிக்குச் சிவிறி என்ற பழஞ்சொல் தமிழில் உண்டு. நுண்துளியாகத் தூவும் கருவியோ மருத்துவத்திலிருந்து வந்தது. 1880களில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் டிவில்பிஸ் என்ற மருத்துவர் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். பின்னர் அவருடைய மகன் அதை வாசனைத் திரவியத்துக்கு ஏற்றபடி மாற்றினார். டெல்டா மக்களுக்குத் தெளிப்பான் என்றால் முதலில் நினைவுக்கு வந்தது பயிருக்கு மருந்தடிக்கும் கருவிதான். முகத்துக்கான பிளாஸ்டிக் தெளிப்பான் மிகவும் பிந்தியது.

அதனோடுதான் குழப்பமும் வந்தது. வெள்ளரிச் சாறு, கழுநீர், கற்றாழைச் சாறு, துளசி ஊறல் ஆகியவற்றைப் புட்டியில் நிரப்பிப் பல வாரம் வைத்திருக்கச் சொல்லும் குறிப்புகள் ஒரு சாமத்துப் பொருளை ஓராண்டுப் பொருளாக நடத்துகின்றன. கெட்ட நீர் நுண்துளியாகக் கண்ணுக்கும் மூக்குக்கும் போகிறது. ஊறல்நீரைச் செய்த அன்றே தீர்த்துவிடுவது நல்லது. குளிர்பெட்டியில் வைத்தாலும் மறுநாளைத் தாண்டக் கூடாது.

வடிநீரை வீட்டில் செய்வதும் கடினமன்று. அகன்ற பாத்திரத்தின் நடுவில் ஒரு தாங்கி வைத்து, அதன்மேல் கிண்ணம் வைக்க வேண்டும். சுற்றிலும் பன்னீர் ரோஜா இதழும், இதழ் மூழ்கும் அளவு நீரும். பாத்திரத்தைக் குமிழ் மூடியால் தலைகீழாக மூடி, மூடியின் மேல் பனிக்கட்டி இட்டுச் சிறு தீயில் வைத்தால், ஆவி மூடியில் குளிர்ந்து நடுக் கிண்ணத்தில் சொட்டும். ஒரு லிட்டர் நீர் ஊற்றினால் முதல் கால் லிட்டரோடு நிறுத்துவது நல்லது. பிறகு சொட்டுவதில் மணம் இராது. மாலைக்கடை ரோஜாவில் பூச்சிமருந்து இருக்கும். வீட்டுச் செடிப் பூ உகந்தது. புட்டியைக் கொதிநீரில் பத்து நிமிடம் இட்டு உலர்த்திய பின் ஊற்ற வேண்டும். வீட்டுச் சமையலறையில் வாலையின் தூய்மை அமையாது என்பதால் இதைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டொரு வாரத்துக்குள் முடிப்பதே சரி. வெறும் நீர் காயும்போது தோலை மேலும் வறளச் செய்யும். சில சொட்டு கிளிசரின் சேர்ப்பது அதற்காகவே. கடையில் விற்கும் பன்னீர் பலவும் செயற்கை மணம் கலந்த நீர்தான். அதைக் கண்ணில் விடும் பழைய வழக்கம் நிறுத்தப்பட வேண்டியது.

இலாமிச்சை

பெரிய கோயில் கல்வெட்டில் வரும் இலாமிச்சையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் வெட்டிவேர் என்றே கொண்டனர். காவிரிப் படுகையில் இப்பெயரோடு மற்றொரு செடியும் உண்டு. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. குருவேர் என்றும் சொல்வார்கள். வைக்கோல் நிற வேர் மணமுள்ளது. கல்வெட்டுச் சொல் இரண்டுக்கும் பொருந்தும். கே. சி. ஜேக்கப் 1941இல் இச்செடியைத் தனி இனமாக அறிவியல் உலகுக்கு அறிவித்தார். காட்டில் தானாக வளர்வதாக இது காணப்படவில்லை. ஆற்றோர மணற்கொல்லைகளில் உழவர்கள் தண்டைக் கிள்ளி மீண்டும் மீண்டும் நட்டுத்தான் இது இன்றுவரை இருக்கிறது. வேரை வாங்குவோர் பெரும்பாலும் கோயில் மாலை கட்டுவோரும் நாட்டு மருந்துக் கடைக்காரர்களும்.